பத்தாவது வாக்கியம்

காது மந்தமானவனுக்கு ஒரு வித்தை தானாகவே கைவந்துவிடும். தலையாட்டுவது. எதிரில் இருப்பவர் வாய் ஓய்ந்ததும் லேசாகத் தலையை ஆட்டி, முகத்தில் பாதிச் சிரிப்பை வைத்துக்கொண்டால் போதும், முக்கால்வாசிப் பேச்சு ஓடிவிடும். ஒன்பது வருஷம் நான் இதில் கொடிகட்டிப் பறந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனபோது அவருடைய நாயைப் பத்து நாள் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டதும் இப்படித்தான். நாய் வந்து வாசலில் நின்றபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

நாய் திரும்பிப் போன மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு போய் காது மெஷின் வைக்கும் கிளினிக்கில் உட்காரவைத்தாள். அங்கே வேலை பார்த்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். என்னைக் கண்ணாடி அறைக்குள் அடைத்து, பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். கணினியில் எதையோ தட்டினாள். மெஷினைக் காதில் பொருத்தினாள். அதோடு ஆளை விடுவாள் என்று நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

"உக்காருங்க சார், இன்னும் முடியலை. பீப் சத்தத்தோட யாரும் குடும்பம் நடத்தறதில்லை. வீட்ல யார் பேசறது கேக்கணும்?"

கேட்க வேண்டியவள் பக்கத்திலேயே இருந்தாள். அவளை என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, உதட்டைப் பார்த்து நான் ஏமாற்றிவிடாதபடி வாயைத் தாளால் மறைக்கச் சொன்னாள் அந்தப் பெண். மனதில் தோன்றியபடி பத்து வாக்கியம். ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். என் மனைவி சொல்வதை அந்தப் பெண் அவள் பக்கத்தில் நின்று தாளில் எழுதிக்கொண்டு, நான் சொல்வது சரி என்றால் ஒரு டிக், தப்பு என்றால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். தப்புக்குத் தக்கபடி மெஷினைத் திருத்துவாள்.

என் மனைவியின் முதல் வாக்கியம்: "குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு நாலு மாசமா சொல்றேன்." ஒன்பது வருஷம் கழித்து அந்தக் குரல் முழுசாக வந்து விழுந்தது. குழாயையும் ஒழுகலையும் வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னேன். டிக்.

பத்தாவதை மட்டும் அவள் குரலை இறக்கிச் சொன்னாள். எனக்கு மூச்சுக்காற்று மாதிரி ஏதோ வந்தது. பழக்கதோஷம், தலையாட்டினேன்.

"தலையாட்டறார்மா. கேக்கலை," என்று அந்தப் பெண் கையோடு பிடித்துவிட்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"விடும்மா. வீட்ல போய் சொல்லிக்கறேன்," என்று சிரித்து மழுப்பிவிட்டாள் என் மனைவி. வீட்டுக்குப் போனதும் நான் குழாயைச் சரிசெய்தேன். அந்த வாக்கியத்தை மறந்தே போனேன்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம். துணி மடிக்கும்போது அவள் துணிகளோடு பேசுவாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "உனக்கு மட்டும் என்ன கேடு, இன்னும் காயாம இருக்கே?" என்று என் சட்டையைத் திட்டுவாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு வரி படிக்காமல், அவளைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தின்போதுகூட இருந்ததில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.

"அந்தப் பொண்ணை நேர்ல பாத்து ஒரு வார்த்தை நன்றி சொல்லணுங்க," என்று வாரம் ஒருமுறையாவது ஆரம்பிப்பாள். "நாள் முழுக்க அந்த இரும்பு ஸ்டூல்லயே உக்காந்திருக்கா, பாவம்." பழைய ஜன்னல் திரையின் நீலத் துணியில் ஸ்டூலுக்கு வட்டமாக ஒரு குஷன் தைத்தாள். "எப்ப போலாம்?" என்பாள். இந்தத் தடவை எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. இருந்தும் தலையாட்டினேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்.

ஒருநாள் காலையில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்டவில்லை.

காரியங்கள் முடிந்த அன்று மெஷினைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். இனி யார் பேசி எனக்கு என்ன கேட்க வேண்டியிருக்கிறது? குஷன் அலமாரியில் இருந்தது. சில நாள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தையலை விரலால் தடவிப் பார்ப்பேன். ஒரு ஓரத்தில் நூல் கொஞ்சம் பிசிறடிக்கும். அதைக் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிஞ்சும் என்று இருந்தது.

போன வாரம் மகன் வந்தபோது காகிதத்தில் எழுதிக் காட்டினான்: கிளினிக் பெண்ணுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டதாம், வெள்ளிக்கிழமையோடு சரியாம். நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும் என்றேன். 'நான் ஆன்லைன்ல அஞ்சு ஸ்டார் போட்டுட்டேன்பா, அது போதும்' என்று எழுதினான். எனக்கு வந்த கோபத்தில் பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டவன் நான், அவன்மேல் பாய்ந்து என்ன பிரயோஜனம்? வெள்ளிக்கிழமை காலை குஷனையும் டிராயரில் கிடந்த மெஷினையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அறையில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து வந்து, வெறுங்காதைக் கவனித்துவிட்டு, உரக்கக் கேட்டாள்: "வாங்க சார்! அம்மா எங்கே?"

"வீட்ல இருக்கா," என்றேன்.

வாய் தவறி வரவில்லை. எல்லோர் முகமும் மாறுகிற மாதிரி இந்த முகமும் மாறுவதைப் பார்க்கப் பயந்து சொன்னேன். மெஷினை வாங்கிக் கணினியில் மாட்டிப் பார்த்தவள் என் பக்கம் திரும்பி, உதடு தெரிய அதே உரத்த குரலில் பேசினாள்.

"ஏழு மாசமா போடவே இல்லையா? மெஷின் காட்டிக் குடுக்குது. அம்மா எப்படி சும்மா விட்டாங்க? மறுபடி செட் பண்ணணும் சார். அம்மாவுக்கு போன் போடுங்க, ஸ்பீக்கர்ல ரெண்டு வார்த்தை பேசட்டும்."

போனை எடுத்தேன். அவள் நம்பர் இன்னும் முதலில்தான் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடிச்சா எடுக்க மாட்டாம்மா," என்றேன். "ஏழு மாசமாச்சு."

அந்தப் பெண் ஸ்டூலை இழுத்து என் முழங்காலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து குஷனை எடுத்து நீட்டினேன்.

"இது அவ தைச்சது, உனக்காக. நேர்ல வந்து நன்றி சொல்லணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான்தான் இழுத்தடிச்சேன். உன்னாலதாம்மா பதினோரு மாசம் அவ பேசினது எனக்குக் கேட்டுது. வேற யாரா இருந்தாலும் பீப்போட நிறுத்தியிருப்பாங்க." இவ்வளவையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

அந்தப் பெண் குஷனை இரண்டு கையாலும் வாங்கி, பிசிறடித்த ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து அதை ஸ்டூலின்மேல் வைத்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

போய்க் கட்டி வைத்திருந்த பெட்டி ஒன்றைப் பிரித்து, ஒரு தாளை எடுத்து வந்தாள். "அம்மா குரலுக்கு வச்ச அளவு இதுல இருக்கு. அதையே வச்சுத் தரேன்." குழாய் ஒழுகல் முதல் வரியில் இருந்தது. ஒன்பது வாக்கியத்துக்கும் டிக். பத்தாவதுக்கு நேரே ஒரு பெருக்கல் குறி.

"அதை அப்புறம் வீட்ல சொன்னாங்களா சார்?"

"நான் விசாரிக்கவே இல்லைம்மா."

மெஷினை என் காதில் பொருத்தினாள். மின்விசிறி சத்தமும் தெருச் சத்தமும் ஒன்றாக உள்ளே நுழைந்தன. தாளை எடுத்துக்கொண்டு, பழைய முறைப்படியே என் முதுகுக்குப் பின்னால் போனாள். தாளால் வாயை மறைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். பத்தாவதை நிதானமாகப் படித்தாள்.

"காதுல விழலைன்னா சும்மா தலையாட்டாதீங்க, என்னன்னு கேளுங்க, எத்தனை தடவை வேணும்னாலும் நான் சொல்றேன்."

ஒரு எழுத்து பாக்கியில்லாமல் விழுந்தது. திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். தலை அதுபாட்டுக்கு ஆடத் தொடங்கியது. கையால் பிடித்து நிறுத்தினேன்.

"என்ன?" என்றேன். "சரியா விழலைம்மா."

மெஷின் நன்றாக வேலை செய்வது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். மறுபடியும் படித்தாள்.

"என்ன?"

வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். அந்தப் பெண் முதல் வார்த்தையிலிருந்து திரும்ப ஆரம்பித்தாள்.