லோரி ரோசாக் இல்லை

லிங்கேஸ்வரனுக்கு மெதுவாக ஓடத் தெரியாது. வேகமாகவும் ஓடத் தெரியாது என்பது போன வருஷம்தான் ஊருக்குத் தெரிந்தது.

தேயிலைத் தோட்டங்களுக்கு இடையிலான பத்து கிலோமீட்டர் போட்டி அது. தோட்டத்துக்கு மூன்று பேர். மூவரும் எடுத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்து, குறைவாக வருகிற தோட்டத்துக்குக் கோப்பை. ஒருவர் நின்றுவிட்டாலும் தோட்டமே அவுட்.

விசில் ஊதியதும், கொழுந்து லோரி ஓட்டுகிற லிங்கேஸ்வரன் நாய் துரத்தினவனைப்போலப் பறந்தான். முதல் கிலோமீட்டரில் அவன்தான் முதல் ஆள். எட்டாவது கிலோமீட்டரிலும் அவன்தான் முதல் ஆள். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள அங்கே நின்ற லோரியில் ஏறிய முதல் ஆள். லோரிக்காரன் அவனுடைய கூட்டாளி திருமாறன்.

முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே குந்தியபடி அவன் திடலுக்குத் திரும்பியபோது, பெண்களில் முதலாவதாக வந்திருந்த கொழுந்தியாள் வசுமதி, எல்லைக்கோட்டில் தண்ணீர்ப் போத்தலோடு அவனுக்காகக் காத்து நின்றாள். கோப்பை போய்விட்டது. அவள் திட்டவில்லை. "கால் வலிக்குதா மாமா?" என்று மட்டும் கேட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் ஒரு தட்டு மீ கோரேங் நூடுல்ஸில் மறந்திருப்பான்.

இந்த வருஷம் அவனுக்குப் பதில் தினேஸ்வரனைப் போடச் சொன்னார்கள். இருபத்து மூன்று வயசு, மான் மாதிரிக் கால். வசுமதி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க மாமா முடிச்சுக் காட்டுவாரு" என்றாள். அவளும் மாமாவும் போக, மூன்றாவது ஆள் ஸ்டோரில் வேலை செய்கிற புவனேஸ். அவன் சுவர்க்கடிகாரம் மாதிரி ஓடுவான். அவனைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலை முழுவதும் லிங்கேஸ்வரனுக்கே மிச்சம்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிற வசுமதி, மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்தாள்.

"வாரத்துல நாலு நாள் மெதுவா ஓடணும். பேசிக்கிட்டே ஓடற வேகம். புதன்கிழமை மட்டும் ஃபேக்டரி ஏத்தத்துல ஆறு தடவ, உயிர விட்டு. மெதுவா ஓடற அன்னிக்கு மெதுவா ஓடுனாத்தான் மாமா, புதன்கிழமை காலு கேக்கும்."

"பேசிக்கிட்டே ஓடணுமா? அது நமக்குப் பொறந்ததுலருந்து தெரிஞ்ச தொழில் லா."

ஐந்து வாரம் போயிற்று. ஐந்து புதன்கிழமையும் மூன்றாவது ஏற்றத்திலேயே அவன் கால்கள் அம்மிக்கல்லாயின.

"மத்த நாள்ல மெதுவாத்தான ஓடறீங்க?"

"நத்தை என்னை ஓவர்டேக் பண்ணிட்டுத் திரும்பிப் பார்க்குது."

அவள் நம்பவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, பனிமூட்டத்தில், மோட்டார் சைக்கிளில், தூரம் விட்டு அவன் பின்னால் போனாள்.

லிங்கேஸ்வரன் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தான். தேயிலைச் செடிகளோடு பேசிக்கொண்டு, நல்ல பிள்ளையாக. திருப்பத்தில் திரிங்காப் ஊர்க் காய்கறி லோரி ஒன்று வந்து வேகம் குறைத்தது.

"என்னண்ணே, லோரி ரோசாக்கா? ஏறுங்க!"

"இல்லப்பா, ஓட்டம்!" என்று கத்திக்கொண்டே அவன் அம்பாகப் பாய்ந்தான். லோரி கண்ணுக்கு மறையும்வரை அதே பாய்ச்சல். அப்புறம் ஒரு மோட்டார், மறுபடி பாய்ச்சல். அப்புறம் கொழுந்து எடுக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன். பாஞ்சாலை அக்கா தலையை வெளியே நீட்டினாள்.

"தம்பி, வீட்ல சண்டையா? வா, நான் வந்து பேசறேன்!"

ரோட்டில் ஒருவன் மெல்லப் போவதைப் பார்த்தும் ஏற்றாமல் போனால், அப்புறம் கோயில் திருவிழாவில் அவன் முகத்தில் விழிக்க முடியாது. தோட்டத்து வழக்கம் அப்படி. அதிலும் லோரி டிரைவர் காலால் நகர்ந்தால் லோரி ரோசாக், அதாவது பழுது, இல்லாவிட்டால் பெண்டாட்டி துரத்திவிட்டாள். மூன்றாவது காரணம் யாருக்கும் தோன்றாது. மூன்றாவது காரணம் ஓட்டம்தான் என்று நிரூபிக்க, லிங்கேஸ்வரன் தினமும் உயிரை விட்டுக்கொண்டிருந்தான்.

வசுமதி மோட்டாரை அவன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அரை மணி நேரத்துல ஒம்போது தடவ பறந்துட்டீங்க மாமா. இதுக்குப் பேரு மெதுவா?"

"வண்டிக்காரன் பாக்கறான்ல? நொண்டிக் கழுதைன்னு நினைப்பான்."

"நினைக்கட்டுமே."

அவள் மோட்டாரின் மேல் கவிழ்ந்து சிரித்தாள். வேறு வழியில்லாமல் அவனும் சிரித்தான்.

மறுநாள் வசுமதியிடமிருந்து மஞ்சள் பனியன் ஒன்று வந்தது. முதுகில் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது: "லோரி ரோசாக் இல்லை. வீட்டில் சண்டை இல்லை. மெதுவாகத்தான் ஓடுகிறேன். ஏற்ற வேண்டாம்."

"எழுத்து என்னோடது. மானம் உங்களோடது" என்றாள் அவன் மனைவி சசிரேகா.

முதல் நாள் பின்னால் வந்த ஒவ்வொரு வண்டியும் வாசித்துவிட்டு ஹாரன் அடித்துச் சிரித்தது. காதெல்லாம் சூடு. ஆனாலும் கால் பாயவில்லை. நான்காம் நாள் அவனே கையாட்ட ஆரம்பித்தான். இரண்டாவது வாரத்தில், தான் ஓட்டுகிற ரோட்டில் ஓர் ஓடை இருப்பதையே முதல் தடவையாகக் கேட்டான். பதினெட்டு வருஷமாக இஞ்சின் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த ஓடை.

புதன்கிழமை வந்தது. மூன்றாவது ஏற்றம், கால் இருந்தது. ஐந்தாவது, இன்னும் இருந்தது! ஆறாவதில் அவன் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து வசுமதி கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"ஆறுலயும் இதுதான் மாமா அதிக வேகம்!"

"ஏழாவது போலாமா? எட்டு?"

"ஆசைக்கும் ஒரு ஸ்டோப் லைட் வேணும். எறங்குங்க கீழ."

போட்டி நாள். திடல் நிறைய ஆட்கள், கொடி, பறை. அதே மஞ்சள் பனியனோடு வந்து நின்றான். விசில் ஊதியதும் ஊரே முன்னால் பாய, அவன் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தான். கால் அரித்தது. தாண்டிப் போனவர்களிடமெல்லாம் "போங்க, போங்க, அப்புறம் பாக்கலாம்" என்று பேசிக்கொண்டே ஓடினான். நாலு கிலோமீட்டர் வரை பேச்சு நிற்கவில்லை. ஐந்தில் நிறுத்தினான். இனிமேல் எல்லாமே புதன்கிழமை.

ஒருவன். இரண்டு பேர். ஒரு கும்பல். போன வருஷத்து அவனைப்போலவே நாக்குத் தள்ளி நின்றவர்களைத் தாண்டினான். எட்டாவது கிலோமீட்டரில் திருமாறனின் லோரி பின்கதவைத் திறந்து வைத்திருந்தது.

"மச்சான்! உனக்குன்னே தலகாணி கொண்டாந்திருக்கேன் லா! ஏறு!"

பதில் சொல்ல மூச்சில்லை. தாண்டிப் போன மஞ்சள் முதுகைத் திருமாறன் உரக்க வாசித்தான்.

"மெதுவாகத்தான் ஓடு... டேய், பொய் லா இது!"

கடைசி ஏற்றம். அடுத்த தோட்டத்து மூன்றாவது ஆள் ஐம்பதடி முன்னால். பாஞ்சாலை அக்கா வேலியோரம் நின்று, "தம்பி! வீட்ல சண்டைன்னு நினைச்சு ஓடு!" என்று அலறினாள். ஏழாவது ஏற்றம் இதுதான் என்று நினைத்துக்கொண்டான். அன்றைக்கு வசுமதி வேண்டாம் என்றாளே, அது இங்கே பத்திரமாக இருந்தது. திடல் வாசலில் அந்த ஆளைத் தாண்டி, எல்லைக்கோட்டுக்கு அப்பால் புல்லில் விழுந்தான்.

வசுமதி அதே இடத்தில், அதே தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள்.

"மாமா! ஏதாச்சும் பேசுங்க!"

வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"பதினாறு வருஷத்துல இன்னிக்குத்தான் இந்த வாய் ஓஞ்சிருக்கு" என்றாள் சசிரேகா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஒலிபெருக்கியில் மூவரின் நேரத்தையும் கூட்டி வாசித்தார்கள். பத்தொன்பது விநாடி. பத்தொன்பதே விநாடி வித்தியாசத்தில் கோப்பை அவர்களுக்கு! வசுமதி போட்ட கூச்சலில் பறைக்காரர்களே நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் கோப்பையைக் கொண்டுவந்து அவன் வயிற்றின்மேல் வைத்தாள். கனத்தது. இறக்கச் சொல்லவும் அவனுக்கு மூச்சில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

திருமாறனின் லோரி திடலோரம் வந்து நின்றது.

"இப்பவாவது ஏறுறியா?"

லிங்கேஸ்வரன் நாலு பேர் பிடித்துத் தூக்க, மஞ்சள் பனியனோடும் கோப்பையோடும் ஏறி, தலகாணியில் தலை வைத்தான்.

"நாளைக்கு மெதுவா ஓடணும் மாமா, மறந்துடாதீங்க!"

லோரிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் மேலே எழுந்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக ஆடியது.