நாகம்மை கொடுத்த சம்மதம்

காவி வேட்டி வைத்த தாம்பாளத்தோடு வடசேரி ஜவுளிக்கடை சிதம்பரதாணு முற்றத்தில் வந்து நின்றபோது, நாகம்மை தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் அவள் புருஷன் தாணுலிங்கத்தின் சீடர்கள். தாணுலிங்கம் பகலில் ஊர் அஞ்சலாபீஸில் கடுதாசிக்கு முத்திரை குத்துகிறவர். சாயங்காலமானால் குளத்தங்கரை மண்டபத்தில் உட்கார்ந்து, இருப்பது ஒன்றே, பயப்படுவதற்கு இரண்டாவதாக ஒன்றும் கிடையாது என்று பேசுவார். சித்திரைத் திருநாள் மகாராஜா பட்டமேறிய வருஷத்திலிருந்து கூட்டம் கூடிப்போயிற்று. இவ்வளவு பெரிய ஞானி வெள்ளை வேட்டியோடு அலைவது சீடர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

"தைப்பூசத்துக்கு ஐயா சன்னியாசம் வாங்கணும். அதுக்கு வீட்டுக்காரி சம்மதம் வேணும்லா அம்மா?"

"அவ்வொ கேட்டுட்டு வரச் சொன்னாவளா?"

சிதம்பரதாணு தாம்பாளத்தைக் கைமாற்றிப் பிடித்தார். "ஐயாவுக்கு மனசுல உண்டு. வாயால கேக்கமாட்டாவ."

"அவ்வொளுக்கு இஷ்டம்னா எனக்கும் சம்மதம்."

தாம்பாளத்தை நடையில் வைத்துவிட்டு அவர்கள் சந்தோஷமாகப் போய்விட்டார்கள். பிள்ளையில்லை என்று ஊரே அவளை வாய்க்கு வந்தபடி பேசிய காலத்தில், இன்னொரு பெண் பார்க்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் தாணுலிங்கம். அந்த நன்றிக்காகத்தான் சரி என்றாள். சன்னியாசம் வாங்குகிறவர் தனக்குத்தானே பிண்டம் வைத்துவிட்டுத்தான் காவி உடுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். புருஷனே தனக்குக் கருமாதி செய்யப்போகிறார் என்றால் பெண்டாட்டி கழுத்தில் தாலி எதற்கு? குளித்துவிட்டு வந்து குங்குமத்தை அழித்தாள். தாலிக்கயிற்றைக் கழற்றி விளக்குக்கு முன்னால் வைத்துவிட்டு ஒருபாட்டம் அழுதாள். பிறகு எழுந்துபோய் உலை வைத்தாள். ஞானியானாலும் மத்தியானம் பசிக்குமே.

தாணுலிங்கம் வந்து இலையில் உட்கார்ந்தார். தீயலைப் பிசைந்து இரண்டு வாய் தின்றுவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்ல நிமிர்ந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"கழுத்து என்னட்டி வெறுசா கெடக்கு?"

"நீங்க கேட்டு அனுப்பினியள்லா? சம்மதம்னு சொல்லிட்டேன்."

"நான் என்னத்தக் கேட்டேன்?"

அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில் எழும்புகிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

"சிதம்பரதாணுவுக்குக் கிறுக்கு. நான் ஒருத்தரையும் அனுப்பல்ல, நாகம்மே."

"எல்லாம் ஒண்ணுன்னு சொல்லுவியளே. தாலி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

மண்டபத்தில் யாராவது இதைக் கேட்டிருந்தால் விளக்கு வைக்கும்வரை பேசியிருப்பார். இப்போது எச்சில் கையோடு விளக்குக்கு முன்னால் கிடந்த தாலியைப் பார்த்தார்.

"பயந்துட்டேன்" என்றார். "உன் கழுத்தப் பாத்ததும் பயந்துட்டேன்ட்டி."

பாம்பு குறுக்கே போனாலும் காலை நகர்த்தாத மனுஷர். அவர் வாயிலிருந்து இந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்தக் கூறுகெட்ட ஜவுளிக்கடைக்காரரையும் சேர்த்து மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

தாணுலிங்கம் கையைக் கழுவிவிட்டு, தாலியை எடுத்துவந்து அவள் பின்னால் நின்றார். ஈரவிரல்கள் பிடரியில் பட்டன. இரண்டாவது முடிச்சு விழாமல் கயிறு வழுக்கியது.

"பைய கெட்டுங்க" என்றாள். "நான் எங்கயும் போகல்ல."

அவர் கயிற்றை அவிழ்த்து, முதல் முடிச்சிலிருந்து மறுபடி தொடங்கினார்.