தாளிக்காத வீடு

வாசலில் வேப்பிலை செருகினால் சுகாதாரக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் முத்தம்மா அதை உள்ளே, பிள்ளையின் தலைமாட்டில் ஒளித்து வைத்திருந்தாள். ஆறு வயது குணசேகரனுக்கு முத்து போட்டு நான்கு நாளாகிறது. ஆத்தா வந்திருக்கும் வீட்டில் தாளிக்கக்கூடாது, வறுக்கக்கூடாது. அவள் எண்ணெய்ச் சட்டியைத் தொடவில்லை.

அதில்தான் மாட்டிக்கொண்டாள். உச்சிவேளையில் மீன் வாசனை வராத வீடு முகத்துவாரக்குப்பத்தில் ஏது? அம்மை குத்துகிற கருணாகரன் அதற்காகவே அந்த நேரத்துக்கு வருவார். குடிசை குடிசையாக மூக்கை நீட்டிக்கொண்டு வந்தவர் இவள் வாசலில் நின்றார்.

“இன்னாம்மா, சட்டி வைக்கலியா?”

“மீன் படல சார்.”

“ஊருக்கே பட்டுகீது. உன் புருசன் மட்டும் வேற கடலுக்கா போனான்?”

குனிந்து உள்ளே பார்த்தார். விசிலை எடுத்து ஊதினார். ரோட்டு முனையில் ஆஸ்பத்திரி வண்டி உறுமியது.

பக்கத்து வீட்டுத் தாயம்மா கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். “அடிப்பாவி! நேத்து முச்சூடும் எம் புள்ள உன் வூட்லதானேடி உருண்டுச்சு! வாயத் தொறந்தியா நீ?” குழந்தையின் கையைக் கருணாகரனிடம் நீட்டினாள். “மொதல்ல இதுக்குக் குத்துய்யா.”

முத்தம்மா சொல்லாமல் விட்டது தப்புதான். ஆனால் போன பங்குனியில் மூத்த மகள் கெங்கம்மாவை இதே வண்டிதான் ஏற்றிப்போனது. ஐந்து நாள் இவளை ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆறாம் நாள் புதைத்தாகிவிட்டது என்றார்கள். எந்தக் குழி என்று கேட்டதற்குக்கூட ஒருவனும் கை காட்டவில்லை.

ஆட்கள் தூக்குப் படுக்கையோடு வந்தார்கள். அவர்களைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தானே வாரித் தூக்கினாள்.

“நானும் வருவேன்.”

“அதுக்கு ரூல் இல்லம்மா. உனக்கும் ஒட்டிக்கும்.”

“என் மூஞ்சியப் பாருய்யா!” கன்னமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. “ஒருவாட்டி வந்தவளுக்கு மறுக்கா வராதுன்னு நீதானே தெருத்தெருவா கத்திகினு கீற? ஆஸ்பத்திரில உன் ஆளுங்க கஞ்சிய வாசப்படில வச்சிட்டு ஓடறானுங்க. எம் பொண்ணு அம்மைல செத்துச்சா, தண்ணி இல்லாம செத்துச்சா? சொல்லுய்யா!”

கருணாகரன் வண்டிவரை அவள் பின்னாலேயே வந்தார்.

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். “இன்னா முழிக்கிற? எடுக்கச் சொல்லு.”

கேட்டில் மறிப்பார்கள். மறிக்கட்டும். பிள்ளையைப் பிடுங்க வேண்டுமென்றால் இவளைத் தொட்டாக வேண்டும். அம்மைக்குப் பயந்த பயல்கள், எவன் தொடுகிறான் பார்ப்போம்.