குவியலுக்குள் ஒரு கட்டைவிரல்

"அப்பா, இன்னிக்கு மட்டும் கோபப்படாதீங்க. இவனை விட்டா எனக்கு வேற யாரும் வேண்டாம்," என்று காலையிலேயே மகள் என் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் பெண் கேட்டு வந்த பையனின் அப்பாவைப் பார்த்ததும் ரத்தம் தலைக்கேறிவிட்டது. கடப்பாரை! மைதானத்தில் அவனுக்கு அதுதான் பட்டப்பெயர். தேசிய அளவில் நான் ஆடிய கடைசி ரக்பி ஆட்டத்தில் எதிரணி முன்வரிசையில் நின்ற அதே தடியன்.

அன்று பந்துக்காக இரண்டு அணியும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்த குவியலுக்குள், ஒரு கட்டைவிரல் என் இடது கண்ணைத் தோண்டியது. கண்ணும் போனது, ஆட்டமும் போனது. "கடப்பாரைதான். நானே பாத்தேன்," என்று ஆளைக் காட்டியவன் பக்கத்தில் கிடந்த அணித்தோழன். ஆஸ்பத்திரியில் பழியாய்க் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டான். பிறகு தன் தங்கையையே கட்டிவைத்து மச்சானும் ஆனான். அவனைப்போலத் தங்கமான மனுஷன் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இன்றும் பெண்ணின் மாமனாக, பெரிய மனுஷத் தோரணையில் சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"சம்பந்தி..." என்று கடப்பாரை கையை நீட்டினான்.

அந்தக் கையைப் பிடித்து முறுக்கினேன். தலையால் மூக்கில் இடித்தேன். மேஜையோடு கவிழ்ந்தோம்; என் மனைவி கொண்டுவந்த டீத் தட்டு பறந்தது. விலக்க வந்த பையனின் வாயில் என் முழங்கை இறங்கி உதடு கிழிந்தது. கடப்பாரையின் கழுத்தை நெரித்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

"பந்து என்கிட்டதானய்யா இருந்துச்சு!" கடப்பாரை திணறினான். "நெஞ்சோட அணைச்சுக் குப்புறக் கிடந்தேன். ரெண்டு கையும் பந்துல. எந்தக் கையால தோண்டுவேன்?"

அன்று குவியலிலிருந்து பந்து அவனிடமிருந்துதான் வெளியே போனது. இத்தனை வருஷத்தில் அதை நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

திரும்பினேன். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை.

"கடப்பாரையோட கண்ணுன்னு நெனச்சுட்டேன் மாப்ள."

அவனைச் சுவரோடு சாத்தினேன். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. என் கட்டைவிரல் அவன் இமையில் ஏறி அழுத்தியது. அலறினான். கடப்பாரைதான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி என்னைத் தரையில் சாய்த்தான்.

மகள் பையனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்கு நீங்க வர வேண்டாம்ப்பா."

"உன் மாமன் என்ன செஞ்சான்னு கேட்டேல்ல?"

"கேட்டேன். மாமாவுக்கு அது யார் கண்ணுன்னு தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

மகளும் பையன் வீட்டாரும் கிளம்பினார்கள். என் மனைவி அண்ணனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாள்.