உப்புக் கிணற்றுக்கு வாய்மொழித் தேர்வு

என் கிணற்றைப் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புகையிலைக்குத் தண்ணீர் விடும் கிணறுகள் எல்லாம் அந்த வருஷம் போய்வந்தன. தோற்ற கிணற்றை அங்கேயே மூடிவிடுவார்கள். தோட்டத்தில் புகையிலை இடுப்புயரம் நின்றது. எனக்கு வேறு கிணறு கிடையாது, கண்ணுகளா.

கிணற்றைக் கயிறு கட்டித் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"பாதிதானே தண்ணி இருக்குது," என்று அரை டிக்கெட் கொடுத்தார்.

எனக்குப் பயமில்லை. எங்கள் கிணறு நல்ல உப்பு. உப்புத் தண்ணீர் பாய்ந்தால்தான் வாய்ப் புகையிலைக்கு இலை தடிக்கும், காரம் ஏறும். பல்கலைக்கழகத்தார் ஊர்க் கூட்டத்தில் சொன்னதும் அதுதான்.

பாதி வழியில், கூட வந்த என் அண்ணன் பெண்டாட்டி பாவாத்தாள் காதோடு சொன்னாள்.

"அம்மணி, பெரியவங்க வாயில வெக்கப் போறாங்கன்னு ஒரு மூட்டை நாட்டுச்சக்கரையக் கரைச்சு உட்டுட்டேன்."

"எதுக்குங்க நங்கையா?"

"விருந்தாளிக்கு உப்புத் தண்ணி குடுத்தா நம்ம மானம் என்னத்துக்காகும்?"

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. குனிந்து பார்த்தேன். கிணற்றில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்தின் நடைவழி கிணற்றின் ஆழத்துக்கு நீண்டது. கடைசியில் புகையிலைத் துறைத் தலைவர் முனைவர் அருள்மொழித்தேவன் முழங்கால் வரை நாற்றங்கால் மண்ணில் நின்றிருந்தார். உதவியாளர் அவருக்குப் பூவாளியால் தண்ணீர் ஊற்றினார்.

"பெயர்?"

கிணறு பேசவில்லை.

"கூச்சமுங்க," என்றேன்.

முனைவர் ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். முகம் மலர்ந்தது. இன்னொரு டம்ளர் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"அருமையான தண்ணீர். தோல்வி."

உதவியாளர் மண்வெட்டியை எடுத்தார்.

"அய்யா, இது உப்புக் கிணறுங்க! சுத்துப்பட்டுல இதை உட்டா உப்பே இல்லீங்க!"

"பாயசம் வைக்கலாம்மா. புகையிலைக்கு ஆகாது."

பாவாத்தாள் முன்னால் வந்தாள்.

"அது நாஞ் செஞ்ச வேலைங்க. என்னைய வேணா மூடுங்க."

"உங்களை மூட உத்தரவு இல்லை."

முதல் மண் விழுந்தது. கிணற்றின் விளிம்பு நடுங்கியது. பிறகு அது அழுதது.

கிணறு அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. சுவரில் ஒவ்வொரு கல்லும் அழுதது. சர்க்கரை நுரையாகத் திரண்டு விளிம்பைத் தாண்டி, எறும்புகளோடு நடைவழியில் போய்விட்டது. கண்ணீர் மட்டும் நின்றது. அது ஏறி முனைவரின் இடுப்பைத் தொட்டது. கழுத்தைத் தொட்டது. அவர் விருப்பமில்லாமல் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. இரண்டு காதும் தடித்து, அகன்று, காரமாக வாசம் அடித்தன.

"தூ!" என்றார். "முதல் வகுப்பு!"

வெளியே காத்திருந்த கிணறுகள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டின. உதவியாளர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு எங்கள் கப்பிக்கு மாலை போட்டார். பல்கலைக்கழக ஜீப்பில் அனுப்பி வைத்தார்கள். வழியெல்லாம் ஊர்கள் சாலைக்கு வந்து நின்றன. கிணறு யாரையும் பார்க்கவில்லை. தகுதி வந்துவிட்டது.

தோட்டத்தில் இறங்கியதும் தானே நடந்து போய்த் தன் குழியில் உட்கார்ந்தது. வாய்க்கால் நிறைந்தது. புகையிலை ஒவ்வோர் இலையாக நிமிர்ந்தது.

பாவாத்தாள் ஒரு கை அள்ளிக் குடித்தாள். துப்பினாள்.

"வாயில வெக்க முடியல அம்மணி!" என்றாள், ஊருக்கே கேட்கும்படி.