சேவல் காணிக்கை

சாம்பியாவில் ஆசிரியர் வேலை பார்க்கும் நானும் என் மனைவி கில்டாவும், பல வருஷ ஜெபத்துக்குப் பிறகு அங்கேயே லுயாண்டோ என்ற பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். விடுமுறைக்கு முதல்முறையாக அவளோடு பாளையங்கோட்டை வந்தபோது, தேவாலயத்தில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு எங்கள் காணிக்கைச் சேவலை அவள்தான் தூக்கி வந்தாள்.

ஏலம் விடும் தாசன் அண்ணாச்சி அவளைப் பார்த்துவிட்டு, "இது யாரு பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

அதற்குள் அவளே, "நான் லுயாண்டோ, ஞானசீலன் மக. பைய பிடிங்க மாமா, கொத்திரும்" என்றாள்.

கொடுத்தவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வது எங்கள் சபை வழக்கம். "ஞானசீலன், கில்டா" என்றார் அண்ணாச்சி. முன்பெல்லாம் அதோடு நிறுத்திவிடுவார். இந்த முறை மூச்சை இழுத்துக்கொண்டு, "மகள் லுயாண்டோ" என்றார்.

ஏலத்தில் அந்தச் சேவலை நான் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.