உத்தரியக் கயிற்றில் ஒரு சாவி

இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க கண்ணுங்களா. ஃபேன் சத்தத்துல என் குரல் அடங்கிப் போவுது. பின்னாடி நிக்கிறவங்களும் வாங்க, எடம் இருக்கு. விழுப்புரத்து பேங்க் வேலைய விட்டுட்டு ஓடிப்போன ஒருத்தி கதையச் சொல்றேன். அவள தேடிக்கினு மேனேஜரே மல்லாட்டை மூட்டை மேல, அதான் வேர்க்கடலை மூட்டை மேல, குந்திக்கினு வந்தாரு. சிரிப்பு வந்தா அடக்காதீங்க, வயித்துக்கு ஆவாது.

கெடார் பக்கத்துப் பொண்ணு அக்னஸ். காலேஜில் அவள் எறிபந்து ஆடினால், எதிரில் நிற்கிறவள் பந்தைப் பார்க்க மாட்டாள். தப்பிக்கிற வழியைத்தான் பார்ப்பாள். விளையாட்டு டீச்சருக்குப் படித்தவள், வயிற்றுப்பாட்டுக்கு பேங்க் கேஷியர் ஆனாள். ஐந்து வருஷம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து கால் இருக்கிறதே மறந்து போயிற்று.

ஒரு புதன்கிழமை, திண்டிவனத்தில் கன்னியர் நடத்துகிற பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தது. விளையாட்டு டீச்சர் வேலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்கு மாதா கோயில் மணி அடிப்பதற்குள் வந்து சேரணும். இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

மேனேஜர் விருத்தாசலத்திடம் ஓடினாள். நல்ல மனுஷர்தான். ஆனால் தும்மல் வந்தால்கூட எந்த ரூல்படி என்று யோசித்துவிட்டுத்தான் தும்முவார்.

“மூணு மாசம் நோட்டீஸ் குடுக்கணும்மா.”

“மூணு நாளுகூட இல்லயே சார்.”

“அப்ப அடுத்த வாட்டி பார்த்துக்க.”

“அடுத்த வாட்டிக்குள்ள எனக்கு மூட்டு வலி வந்துடும் சார். பசங்கள நான் தொரத்தணுமா, பசங்க என்னத் தூக்கிக்கினு போவணுமா?”

“ரூல்னா ரூல்.”

வியாழக்கிழமை சாயந்தரம் இரும்பு அறையைப் பூட்டினார்கள். அதற்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று அக்னஸிடம். இரண்டையும் போட்டால்தான் கதவு அசையும். பூட்டிவிட்டு அவர் முகம் கழுவப் போனார். அந்த நேரம் பார்த்து ராஜினாமாக் கடிதத்தை அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

மறுநாள் பஸ் திண்டிவனத்துக்குள் நுழையும்போது போன் அடிக்க ஆரம்பித்தது. மேனேஜர் சார். ‘திட்டத்தான்’ என்று பைக்குள் போட்டாள். பைக்குள்ளிருந்தே பதினேழு தடவை அடித்தது. பக்கத்து சீட்டுக்காரர்கூட, “பாவம், எடும்மா” என்றார். இவள் எடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை சிஸ்டர் ஞானமேரி சான்றிதழ்களைப் புரட்டினார்.

“எல்லாம் சரி. பழைய வேலையில இருந்து உன்ன விடுவிச்ச கடுதாசி எங்க?”

“ராஜினாமா குடுத்துட்டேன் சிஸ்டர்.”

“நீ குடுத்துட்ட. அவரு வாங்கிக்கினாரா?”

அக்னஸ் கூரையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“மத்தியான மணி வரைக்கும் என் பேனாவ மூடாம வச்சிருக்கேன்,” என்றார் சிஸ்டர். “அதுக்கு மேல என் கையில இல்ல.”

மேசைமேல் கறுப்புக் கயிறு போட்ட புது விசில் ஒன்று கிடந்தது. அக்னஸுக்குக் கண் அதிலேயே நின்றது.

“போட்டு மட்டும் பார்க்கட்டுமா சிஸ்டர்?”

கழுத்தில் மாட்டினாள். மாதா படம் தைத்த சின்னத் துணித்துண்டைக் கயிற்றில் கோத்த உத்தரியம் சின்ன வயசிலிருந்தே அவள் கழுத்தில் கிடப்பது. விசில் கயிறு அதனோடு சிக்கிக்கொண்டது. பிரித்துவிட இழுத்தால், உத்தரியம் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே, தூண்டிலில் மாட்டின கெளுத்தி மாதிரி, விரல் நீளத்துக்கு ஒரு சாவியும் வந்தது.

இரும்பு அறைச் சாவி! மாதா காவலில் பத்திரமாக இருக்கட்டும் என்று ஐந்து வருஷத்துக்கு முன் தானே அதை உத்தரியக் கயிற்றில் கோத்தாள். கழுத்துக்கு அந்தக் கனம் பழகிப்போய், பூட்டித் திறக்கிற நேரம் தவிர இருப்பதே மறந்துவிடும்.

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “மாதா தெரியுறாங்க. கூடத் தொங்குறது எந்தப் புனிதரு?”

அக்னஸ் பைக்குள்ளிருந்து போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டாள்.

“எங்கம்மா இருக்க? இங்க ஜல்தி வா!”

“வந்தா என் வேலை போயிடும் சார்.”

“வராட்டி என் வேலை போயிடும்மா! மாத்துச் சாவிக்கு மேலிடத்துக்கு எழுதணும். ஏன்னு கேப்பாங்க. நான் என்னன்னு எழுதுவேன்?”

அவருக்குப் பின்னால் ஒரு பெண்குரல் காதைப் பிளந்தது. “நாளைக்கு என் பேத்திக்குக் காது குத்து! அடகு திருப்பின தோடு உள்ள மாட்டிக்கினு கீது. நீங்க போன்ல பேசிக்கினே இருந்தா குழந்த வளந்து கிழவியாயிடும். ஏறுங்க சார் என் வண்டியில!”

பேங்குக்கு வாடிக்கையாக வருகிற மண்டகப்பட்டு கிருஷ்ணவேணியின் குரல். சொந்தமாக மினி லாரி வைத்து ஓட்டுகிறவள்.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது அந்த வண்டி பள்ளிக்கூட கேட்டுக்குள் வந்து நின்றது. முன்சீட்டில் காதுகுத்துக்கு வாங்கின தாம்பாளங்கள். எறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அதனால் மேனேஜர் பின்னால், மல்லாட்டை மூட்டைகளின் உச்சியில். தலை முழுக்கத் தூசி, மடியில் ஒரு தடிப் பதிவேடு. ஜன்னலுக்கு ஜன்னல் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

அக்னஸ் சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கினாள். ‘கடுதாசி குடுத்தாத்தான் சாவி’ என்கிற வார்த்தை நுனி நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் கிருஷ்ணவேணி வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, “தங்கம், குடுத்துடும்மா” என்றாள். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு அக்னஸ் கையை நீட்டினாள்.

மேனேஜர் பின்வாங்கினார். “கையெழுத்து இல்லாம தொட மாட்டேன். ரூல்.”

பதிவேட்டைத் திறந்தார். தேதி, மணி, கொடுப்பவர் பேர், வாங்குபவர் பேர் எல்லாம் எழுதிவிட்டாள். கடைசிக் கட்டம்: காரணம்.

“என்னன்னு எழுதட்டும் சார்?”

“லீவுன்னு போடு.”

“நான் லீவு போடலயே.”

“அப்ப டிரான்ஸ்ஃபர்.”

“எங்க சார் மாத்துனீங்க?”

“சும்மா விட்டுடும்மா!”

“கட்டம் காலியா விடக் கூடாதுன்னு நீங்கதான சார் செவுத்துல ஒட்டி வச்சிருக்கீங்க? அதுக்குக் கீழ, பொய்யும் எழுதக் கூடாதுன்னு இருக்கு.”

அக்னஸ் எழுதினாள்: ‘வேலையை விட்டுவிட்டதால் பொறுப்பை ஒப்படைக்கிறேன்.’ மேனேஜர் படித்தார். பெருமூச்சு விட்டார். வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் முத்திரையை எடுத்துக் குத்தினார். சாவியை வலது பையில் போட்டுக்கொண்டார். அவருடைய சாவி இடது பையில். இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாதாம்.

கிருஷ்ணவேணி வண்டியைக் கிளப்பிவிட்டாள். ஒரு காலை டயரில் வைத்து ஏறப்போனவர், அப்படியே நின்றார்.

“பொறுப்ப வாங்கிக்கினா அன்னிக்கே விடுவிப்புக் கடுதாசி குடுக்கணும்.”

“யாரு சொன்னாங்க?” என்றாள் கிருஷ்ணவேணி.

“ரூல்.”

ஒரு பிள்ளையின் நாலு கோடு நோட்டில் ஒரு தாள் கிழித்து, வண்டி முகப்பிலேயே வைத்து எழுதினார். “மூணு மாச சம்பளத்தப் புடிப்பாங்கம்மா. அத என்னால தடுக்க முடியாது.”

“புடிச்சிக்கட்டும் சார். கால் திரும்பி வந்திருக்கு எனக்கு.”

முத்திரை காய்வதற்கு முன்பே தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். வராண்டாவில் அவள் ஓடின ஓட்டத்தில் ரெண்டு பூந்தொட்டி விழுந்தது. மாதா கோயிலில் மத்தியான மணி மூணு மூணாக அடிப்பது வழக்கம். முதல் மூணு முடிவதற்குள் சிஸ்டர் பேனா கையெழுத்துப் போட்டு முடித்தது. மிச்ச மணிக்கு இரண்டு பேரும் நின்று மாதாவை வேண்டிக்கொண்டார்கள்.

வெளியே வந்தால், பிள்ளைகள் கூட்டமாக வண்டியை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். கிருஷ்ணவேணி ஹாரன் அடிக்கிறாள், மேனேஜர் மூட்டைமேல் நின்று கத்துகிறார், ஒருத்தியும் நகரவில்லை. அக்னஸ் டீச்சர் விசிலை வாயில் வைத்து ஒரே ஊது ஊதினாள். முந்நூறு பிள்ளைகளும் வரிசையாக விலகி நின்றார்கள். மேனேஜரும் மூட்டைமேல் கை கட்டி உட்கார்ந்துவிட்டார். எந்த ரூல்படி உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் அந்தக் குழந்தைக்குக் காது குத்தியாச்சு. நல்லா அழுதுச்சாம்.

நீங்க சிரிச்சீங்களே, அது போதும் எனக்கு. உங்க வீட்டுக் கதவு நல்லவங்களுக்கு எப்பவும் தெறந்திருக்கட்டும். தேடுற சாவி கழுத்துலயே கெடைக்கட்டும். உங்க புள்ளைங்க மனசு எதுக்கு ஓடுதோ, காலும் அந்தப் பக்கமே ஓடட்டும். அடுப்புல சோறு கொறையாம, நடு வீட்டுல சிரிப்பு கொறையாம, நல்லா இருங்க கண்ணுங்களா.